குடியாத்தத்துக் கைலியும் குவைத்து எண்ணெயும்

கேள்வி: ஐயா, குடியாத்தத்திலிருந்து சென்னைக்குக் கைலி பேல் ஏற்றிப்போகும் லாரி ஒன்று வைத்திருக்கிறேன். வண்டி பழசாகிவிட்டது. புதிதாக 14 அடி டீசல் வண்டி எடுக்க பைனான்சில் பேசி முடித்தாயிற்று. 5 வருடத் தவணை. மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கும் என்கிறார்கள். கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில், குவைத்தில் 20 வருடம் வேலை பார்த்துத் திரும்பிய என் மச்சான், "உலகத்தில் எண்ணெய் தீரப்போகிறது, போய் மாட்டிக்கொள்ளாதே" என்று தடுக்கிறார். செல்போனில் வந்த வீடியோவில் ஒருவர், எண்ணெய் பூமிக்குள் ஊறிக்கொண்டே இருக்கும், தீரவே தீராது என்கிறார். யாரை நம்புவது? என் பையன் ப்ளஸ் டூ முடித்துவிட்டுப் பெட்ரோலியம் இன்ஜினியரிங் சேர வேண்டும் என்கிறான். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
- லாரி உரிமையாளர், குடியாத்தம்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, நான் 31 வருடம் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்துவிட்டு இப்போது காட்பாடியில் இருக்கும் பெட்ரோலியப் பொறியாளர். முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். நீங்கள் வாங்கப்போகும் வண்டி ஓடித் தேய்ந்து காயலான் கடைக்குப் போகும் நாள்வரை பெட்ரோல் பங்கில் டீசல் இருக்கும். அதற்கு அடுத்த வண்டிக்கும் இருக்கும். என்ன விலைக்கு இருக்கும் என்பதைத்தான் கையெழுத்துக்கு முன்னால் நீங்கள் யோசிக்க வேண்டும். அதற்காக உங்கள் மச்சான் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று விளக்குகிறேன்.

நம் வடாற்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமில்லை. தண்ணீர் தேடித் தோண்டுவதில் நமக்கு மூன்று தலைமுறை அனுபவம் இருக்கிறது. கே.வி.குப்பம் பக்கத்தில் எங்கள் நிலத்தில் தாத்தா காலத்துக் கிணறு 35 அடி. மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். அப்பா ஆயில் இன்ஜின் வைத்தார். பிறகு கரண்ட் மோட்டார் வந்தது. கிணறு அடிமட்டத்துக்குப் போனதும் உள்ளேயே துளை போட்டார்கள். அப்புறம் 300 அடி போர். அதுவும் காற்று தள்ள ஆரம்பித்ததும் திருச்செங்கோட்டு ரிக்கைக் கூப்பிட்டு 900 அடிக்குப் போனார்கள். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது "இன்றோடு தண்ணீர் தீர்ந்தது" என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆழம் கூடியது, செலவும் கூடியது. கடைசியில் போர் போடும் காசுக்கு நெல் கட்டாது என்று ஒரு நாள் கணக்கு வந்தது. அந்த வருடமே என் சித்தப்பா தன் பங்கைக் கிரயம் செய்துகொடுத்துவிட்டார். அந்த நிலத்துக்கு அடியில் இன்றைக்கும் தண்ணீர் இருக்கிறது.

எண்ணெயின் கதையும் இதேதான். 1859ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் என்பவர் துளை போட்டு எண்ணெய் எடுத்தார். ஆழம் 69 அடி. எங்கள் தாத்தா காலத்துக் கிணற்றைப்போல இரண்டு மடங்குதான். உங்கள் மச்சான் பார்த்த குவைத்தில் 1938ல் கண்டுபிடித்த புர்கான் வயலில் எண்ணெய் தன் அழுத்தத்திலேயே மேலே வந்தது. சவூதியில் 1948ல் கவார் கிடைத்தது. உலகிலேயே பெரிய வயல் அதுதான். அதெல்லாம் 35 அடிக் கிணற்றுக் காலம். இப்போது பிரேசிலில் 2 கிலோமீட்டர் கடல் தண்ணீருக்கு அடியில், அதற்கும் கீழே கனமான உப்புப் படுகையைத் துளைத்து, மொத்தம் 5 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி எடுக்கிறார்கள். கனடாவில் தாரும் மணலும் கலந்த மண்ணையே வெட்டிக் கொண்டுபோய் வெந்நீரில் கழுவி எண்ணெய் பிரிக்கிறார்கள். எல்லாம் எண்ணெய்தான், ஒரே செலவில் வருவது இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பூமிக்கு அடியில் எண்ணெய் ஏதோ பெரிய தொட்டியில் நிற்பதுபோலப் பலர் நினைக்கிறார்கள். தொட்டி கிடையாது. செங்கல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்குமே, அந்த மாதிரிப் பாறையின் நுண்ணிய துளைகளில் எண்ணெய் ஏறி நிற்கிறது. அதை முழுதாகப் பிழிந்து எடுக்க முடியாது. உலகச் சராசரியைப் பார்த்தால் ஒரு வயலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி பாறையிலேயே தங்கிவிடுகிறது. குஜராத்தில் மெஹ்சானா பக்கம் பலோல் என்ற வயல் உண்டு. அங்கே எண்ணெய் காய்ச்சிய பாகு மாதிரி இருக்கும், நகராது. 1990களில் அங்கே காற்றை உள்ளே செலுத்தி, நிலத்துக்கு அடியிலேயே எண்ணெயின் ஒரு பகுதியைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் மீதியை இளக்கிக் கிணற்றுப் பக்கம் ஓடவைத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் எரிகிற நெருப்பை மேலே உட்கார்ந்து அழுத்தமானியையும் வாயு அளவையும் பார்த்துக் கட்டுப்படுத்துவது சாதாரண விஷயம் இல்லை. அந்த வேலையை நம் நாட்டு இன்ஜினியர்கள் செய்து காட்டினார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

இதனால்தான் "இன்னும் எத்தனை வருடத்துக்கு எண்ணெய்" என்ற கணக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிக்கொண்டே வருகிறது. 1980ல் உலகத்தில் உறுதியான கையிருப்பு, அதாவது நிலத்துக்கு அடியில் இருப்பது உறுதியாகி எடுத்துவிடலாம் என்று எழுதி வைத்தது சுமார் 68,000 கோடி பீப்பாய். அன்றைய செலவுக்கு அது 29 வருடத்துக்கு வரும். அதன்படி பார்த்தால் 2009ல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இன்றைக்குக் கையிருப்பு சுமார் 1,70,000 கோடி பீப்பாய். ஒரு நாளைக்கு உலகம் எரிப்பது 10 கோடி பீப்பாய்க்குச் சற்று மேல். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். வகுத்துப் பாருங்கள், 46, 47 வருடம் வரும். 40 வருடத்துக்கு மேல் எடுத்துச் செலவழித்த பிறகும் கையிருப்பு கூடியிருக்கிறது.

எப்படிக் கூடியது? இங்கேதான் உங்கள் மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூடியதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1980களின் நடுவில் குவைத் தன் கையிருப்பை 6,400 கோடியிலிருந்து 9,000 கோடி பீப்பாய் என்று உயர்த்திக் காட்டியது. புதிய பெரிய வயல் எதுவும் அப்போது கிடைக்கவில்லை. எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் யார் எவ்வளவு விற்கலாம் என்று பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. கையிருப்பு அதிகம் காட்டினால் பங்கும் அதிகம் கேட்கலாம். மற்ற நாடுகளும் அடுத்தடுத்து உயர்த்தின. பிறகு கனடாவின் தார்மணலையும் வெனிசுலாவின் கெட்டி எண்ணெயையும் கணக்கில் சேர்த்தார்கள். புதிய வயல்கள் அதிகமாகக் கிடைத்த காலம் 1960கள். 1980களிலிருந்து நாம் ஒரு வருடத்தில் எரிப்பது, அந்த வருடத்தில் புதிதாகக் கண்டுபிடிப்பதைவிட அதிகம். வரவைவிடச் செலவு கூடுதலான வீடு. பழைய சேமிப்பு பெரிதாக இருப்பதால் ஓடுகிறது.

மேரியன் கிங் ஹப்பர்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர் இதைத்தான் 1956லேயே சொன்னார். ஒரு நாட்டின் உற்பத்தி மணியின் வடிவம்போல ஏறி, உச்சி தொட்டு, இறங்கும் என்றார். அமெரிக்காவின் உச்சி 1965க்கும் 1970க்கும் இடையில் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அன்று பலர் ஏற்கவில்லை. 1970ல் உச்சி வந்தது. ஒரு நாளைக்கு 96 லட்சம் பீப்பாயாக இருந்தது 2008ல் ஏறக்குறைய பாதிக்கு இறங்கியது. என் வேலைக்காலத்தில் ஹப்பர்டின் வளைவை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். நானும் அதை நம்பினேன்.

அப்புறம் நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எண்ணெய் பிறக்கும் மூலப்பாறையே ஷேல் என்கிற களிப்பாறைதான். அது இறுகிய பாறை, துளை போட்டாலும் எண்ணெய் கசியாது. டெக்சாஸில் துளையை நேராக இறக்கி, பிறகு பக்கவாட்டில் வளைத்து, கிலோமீட்டர் கணக்கில் பாறைக்குள்ளேயே ஓட்டி, மணல் கலந்த தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரியவைத்தார்கள். எண்ணெய் வந்தது. 2018ல் அமெரிக்கா தன் பழைய உச்சியைத் தாண்டியது. இன்று ஒரு நாளைக்கு 1.3 கோடி பீப்பாய் எடுக்கும் நாடு அது. ஹப்பர்டின் கணக்கு தவறிப்போனதா என்று கேட்டால், அவர் கணக்கில் எடுத்த பாறைக்கு அது சரியாகவே வந்தது. மனிதன் வேறு பாறைக்குப் போனான். ஆனால் ஷேல் கிணற்றின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வருடத்திலேயே உற்பத்தி பாதிக்கு மேல் விழுந்துவிடும். விட்டுவிட்டால் அவ்வளவுதான், புதிது புதிதாகத் துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மழை இல்லாத வருடத்தில் அடுத்தடுத்துப் போர் போட்ட குடும்பங்கள் நம் பக்கம் எத்தனை! அந்த ஓட்டத்தைத்தான் அங்கே பார்க்கிறோம்.

வீடியோக்காரர் சொன்ன "ஊறிக்கொண்டே இருக்கும்" என்பதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதே, அந்த ஒரு மாதத்தில் எத்தனை கிணறுகள் நிரம்பின! எண்ணெய்க்கு அப்படி மழை கிடையாது. பழைய கடல்களில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்து, 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழத்தில் 60லிருந்து 120 டிகிரி சூட்டில் பல லட்சம், பல கோடி வருடம் வெந்து உண்டானது. எங்கோ இன்றும் உண்டாகிக்கொண்டிருக்கலாம். நம் செலவின் வேகத்துக்கு முன்னால் அது கணக்கில் வராது.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. போர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது, நம் நிலத்தில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாட்டிலோடு என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு. நம் மாவட்டத்துப் பாறை 250 கோடி வருடத்துக்கு முந்தைய கருங்கல் இனம். உருகி இறுகியது. அதில் எண்ணெய் உண்டாகவும் வழியில்லை, தங்கவும் இடமில்லை. தமிழ்நாட்டில் எண்ணெய் இருப்பது காவிரிப் படுகையில், நரிமணம் பக்கம். அங்கே இருப்பது கடல் விட்டுச்சென்ற படிவப் பாறை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மிதக்கும் படலத்தை ஒரு குச்சியால் கலையுங்கள். ஓடு உடைவதுபோலத் துண்டுதுண்டாகப் பிரிந்து நின்றால் அது இரும்புச்சத்தைத் தின்னும் பாக்டீரியாவின் படலம். கலைந்து மீண்டும் ஒன்றாகக் கூடினால் எண்ணெய். அதுவும் பெரும்பாலும் மோட்டாரிலிருந்து கசிந்ததாகத்தான் இருக்கும்.

சரி, விலைக்கு வருவோம். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கியது. கொரோனா காலம், வாங்க ஆள் இல்லை, வைக்க இடம் இல்லை. வாங்கிக்கொள்கிறவனுக்கு விற்கிறவனே பீப்பாய்க்கு 37 டாலர் கொடுக்கும் நிலை. இந்த 12 வருட இடைவெளியில் பூமிக்குள் இருக்கும் எண்ணெயின் அளவில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆக, விலையை ஆட்டுவது யுத்தம், அரசியல், தேவை. உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவில் உள்ள ஹோர்முஸ் என்ற குறுகலான நீரிணை வழியாகத்தான் வழக்கமாக வருகிறது. உங்கள் மச்சான் அந்தக் கடலைப் பார்த்திருப்பார். அங்கே ஒரு சச்சரவு என்றால் நமக்கு உடனே வலிக்கும். இந்தியா தன் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது என்பதால் எண்ணெய் நம்முடையது ஆகிவிடாது. அங்கே வருவதில் பெரும்பகுதி கப்பலில் வருவது. விசாகப்பட்டினம், மங்களூர், பாடூர் மூன்று இடங்களிலும் பாறையைக் குடைந்து அவசரத்துக்கு என்று 53 லட்சம் டன் சேமிக்கும் இடம் வைத்திருக்கிறோம். இந்தியாவின் செலவுக்கு அது சில நாட்களுக்குத்தான் வரும்.

உலகத்தில் விலை இறங்கினால் பெட்ரோல் பங்கிலும் இறங்கும் என்றும் நம்பியிருக்காதீர்கள். 2020ல் கச்சா எண்ணெய் தரையைத் தொட்டபோது மத்திய அரசு கலால் வரியைக் கூட்டியது. லாரிக்காரர் கைக்கு அந்த இறக்கம் வந்து சேரவே இல்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஏறும்போது தினமும் ஏறுகிற விலை, இறங்கும்போதும் அதே நியாயத்தோடு இறங்க வேண்டும்.

மச்சான் யோசிக்காத ஒரு பக்கமும் இருக்கிறது. எண்ணெய் தீருவதற்கு முன்னால் எண்ணெய் மேல் உள்ள ஆசை குறையலாம். நார்வேயில் 2024ல் விற்ற புதிய கார்கள் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார். சீனாவில் அதே வருடம் கிட்டத்தட்ட பாதி, பிளக் மாட்டிச் சார்ஜ் செய்யும் வண்டிகள். ராணிப்பேட்டையிலேயே 2021ல் மின்சார ஸ்கூட்டர் ஆலை திறந்தார்கள். இன்னொரு பக்கம், எண்ணெய் வண்டியில் மட்டும் எரிவது இல்லை. ஆம்பூர் ஷூவின் அடிப்பாகத்திலும் பசையிலும், உங்கள் கைலியில் கலக்கும் பாலியஸ்டர் நூலிலும் அது இருக்கிறது. அந்தத் தேவை சீக்கிரத்தில் குறையாது. உலகத் தேவை 2030க்குள் உச்சி தொடும் என்று 2023ல் சர்வதேச எரிசக்தி முகமை சொன்னது. ஒபெக் அதை ஒத்துக்கொள்ளவில்லை. என் கருத்து, உச்சி கொஞ்சம் தள்ளி வரும், வந்த பிறகும் இறக்கம் மெதுவாக இருக்கும்.

அது இறங்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். வாழ்நாள் முழுவதும் எண்ணெய் எடுத்துச் சாப்பிட்டவன் இப்படிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. 2015ல் லண்டன் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: பூமியின் சூடு 2 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டுமென்றால், கையிருப்பில் உள்ள எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை எடுக்காமலே விட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெயில் 43, 44 டிகிரி என்று நிற்கும்போது, கோட்டைக்கு எதிரே தள்ளுவண்டி வைத்திருக்கிறவர்கள் தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். இன்னும் 2 டிகிரி என்பது அவர்களுக்கு வெறும் எண் இல்லை. எண்ணெய் போதவில்லை என்பதைவிட, எரிப்பதற்கு அளவுக்கு மேல் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

இனி உங்கள் கணக்கு. மாதம் 4,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 என்றால் 500 லிட்டர் டீசல். லிட்டரில் 10 ரூபாய் ஏறினால் மாதம் 5,000 ரூபாய் கூடுதல். 20 ஏறினால் 10,000. இந்தப் பத்தாயிரத்தையும் தவணையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அப்படியும் ஓட்டுநர் சம்பளம், டயர், இன்சூரன்ஸ், டோல் போகக் கையில் ஏதாவது நின்றால் வண்டியை எடுங்கள். நிற்கவில்லை என்றால் முன்பணத்தைக் கூட்டிக் கட்டித் தவணையைக் குறையுங்கள், அல்லது ஒரு வருடம் பழைய வண்டியையே ஓட்டுங்கள். சி.என்.ஜி. பற்றிப் பலர் சொல்வார்கள். அந்த வாயுவிலும் பாதி இறக்குமதிதான், விலை ஆட்டம் அதிலும் உண்டு. சென்னை ஓட்டத்துக்கு மின்சார லாரியை இன்றைக்கு நான் சொல்லமாட்டேன், போக வர 340 கிலோமீட்டர், நடுவில் சார்ஜ் போட நேரமும் இடமும் வேண்டும். ஆனால் தறிக்கார ஊர்களிலிருந்து பேல் சேர்த்துக் குடோனுக்குக் கொண்டுவரும் சின்ன ஓட்டம் இருந்தால், அதற்கு மின்சார லோடு ஆட்டோ நிச்சயம் கட்டும். பெரிய வண்டியை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

பையன் விஷயம். 2014ல் 100 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். படித்து முடித்து வெளியே வந்த பிள்ளைகள் காத்துக் கிடந்ததை நேரில் பார்த்தேன். இந்தத் தொழிலில் ஏற்ற இறக்கம் அப்படித்தான் வரும். தன்பாத் ஐ.ஐ.டி. மாதிரி இடத்தில் கிடைத்தால் தயங்காமல் சேரட்டும். இல்லையென்றால் முதலில் மெக்கானிக்கலோ கெமிக்கலோ படிக்கட்டும், நிலவியல் மேல் ஆசை இருந்தால் அதைப் படிக்கட்டும். மேல்படிப்பில் பெட்ரோலியத்தை எடுத்துக்கொள்ளலாம். துளை போடத் தெரிந்தவனுக்கு நிலத்தடி நீர், பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம், கரியமில வாயுவை ஆழத்தில் அடைப்பது என்று வேறு கதவுகளும் திறக்கின்றன. அவன் விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், என்னிடம் இருக்கும் பாறைத் துண்டுகளைக் காட்டுகிறேன்.

கடைசியாக, பைனான்ஸ் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் கைலி வியாபாரியிடம் போங்கள். நீங்கள் ஒரே ஆளுக்கு வருடக் கணக்கில் ஓட்டுகிறவர் என்று நினைக்கிறேன். டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் டிரிப் வாடகை இவ்வளவு ஏறும், இறங்கினால் இவ்வளவு இறங்கும் என்று ஒரு பேப்பரில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் டிரான்ஸ்போர்ட் ஒப்பந்தத்தில் இந்த வரியைச் சேர்ப்பது வழக்கம். போக வர 340 கிலோமீட்டருக்கு 42 லிட்டர் சொச்சம் ஆகிறது. 5 ரூபாய் ஏறினால் டிரிப்புக்கு 215 ரூபாய் கேளுங்கள். அவரும் மறுக்கமாட்டார்.